வக்காலத்திலிருந்து வேட்புமனு வரை: ஊர்ப்பணி செய்யும் வழக்கறிஞர்களுக்கு

நீதிமன்ற வளாகத்துக்குள் 'கட்சிக்காரர்' என்றால் வக்காலத்தில், அதாவது தமக்காக வழக்கு நடத்த வக்கீலுக்கு அதிகாரம் தரும் பத்திரத்தில், கையெழுத்திட்டவர். வாசலைத் தாண்டித் தேநீர்க் கடைக்கு வந்துவிட்டால் அதே சொல் கரைவேட்டி கட்டியவரைக் குறிக்கும். ஊர்ப்பணியில் தொடங்கித் தேர்தல் வரை செல்ல நினைக்கும் வழக்கறிஞர் இந்த இரண்டு பொருள்களுக்கும் நடுவே சில ஆண்டுகள் நடக்க வேண்டியிருக்கிறது. வழக்கறிஞர் தம்மிடம் வந்தவருக்காக மட்டும் பேசக் கடமைப்பட்டவர். எதிர்த்தரப்பின் நியாயத்தை எடுத்துச் சொல்வது எதிர்த்தரப்பு வக்கீலின் வேலை. வார்டு உறுப்பினருக்கோ வாதியும் பிரதிவாதியும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கும் வாக்காளர்கள். தொழிலில் நல்ல பெயர் எடுத்தவர்கள் தேர்தலில் தடுமாறுவதற்கு, நான் பார்த்த அளவில், பணக்குறைவைவிட இந்தப் பழக்கமே பெரிய காரணம். சட்டமன்றத்துக்கு நேராகச் சீட்டு கேட்கப் போகிறவருக்கு இக்கட்டுரை அதிகம் பயன்படாது. ஊராட்சி அல்லது நகராட்சி வார்டு என்ற முதல் படியில் கால் வைக்க விரும்புகிறவரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

வழி புதிதன்று. சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி 1911-இல் அந்த நகராட்சியின் உறுப்பினரானார். 1917 முதல் 1919 வரை அதன் தலைவராக இருந்தார். சென்னை மாகாணத்தின் பிரதம அமைச்சர் பதவி அவருக்கு வந்தது 1937-இல்தான். தலைச்சேரியில் தொழில் செய்த வி. ஆர். கிருஷ்ணய்யர், எளிய மக்களின் வழக்குகளால் அறியப்பட்டு, 1952-இல் கூத்துபறம்பிலிருந்து அன்றைய சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1957-இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் இடம்பெற்றார். பின்னர் 1973-இல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். இலவச சட்ட உதவி குறித்து ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. நீங்கள் தொடங்க வேண்டிய இடமும் அந்தச் சட்ட உதவிதான்.

சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987-இல் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் ஆணைக்குழுவும், வட்ட அளவில் ஒரு குழுவும் இருக்கின்றன. அங்கே பட்டியல் வழக்கறிஞராக, அதாவது அக்குழு ஒப்படைக்கும் வழக்குகளை நடத்துகிறவராக, பதிவு செய்துகொள்ளுங்கள். கிடைக்கும் மதிப்பூதியம் பெட்ரோல் செலவுக்குச் சரியாகப் போகும். ஆனால் எந்தத் தெருவில் எந்தப் பிரச்சினை திரும்பத் திரும்ப வருகிறது என்பதை இவ்வளவு விரைவாகக் கற்றுத்தரும் இடம் வேறில்லை. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் உள்ளவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே பாராமல் இந்த உதவி உண்டு என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதைச் சொல்வதே முதல் தொண்டு. மக்கள் நீதிமன்றத்தில் வழக்கு முடிந்தால் செலுத்திய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அந்தத் தீர்வுக்கு மேல்முறையீடும் கிடையாது. அங்கே இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசிப் பழகும்போது, ஒரு தரப்புக்காகவே பேசிய நாக்கு மெல்ல மெல்ல வசப்படுகிறது.

இரண்டாவது வேலை உங்களுடையதாகவே இருக்க வேண்டும். ஞாயிறு காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை, பள்ளித் தாழ்வாரமோ கோயில் மண்டபமோ நூலகத் திண்ணையோ, ஒரே இடத்தில், ஊராருக்கு இலவசமாக மனு எழுதிக் கொடுக்க ஒரு மேசை போடுங்கள். நாற்காலி மூன்று போதும். எதிரே இரண்டு போடுவதற்குக் காரணம், மனு கொடுக்க வருகிறவர் தனியாக வருவதில்லை என்பதுதான்; பேரனோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ கூடவே வருவார்கள்.

என் மேசைக்கு வந்த ஒரு பாட்டியின் முதியோர் உதவித்தொகை பதினொரு மாதமாக நின்றிருந்தது. மூன்று பேர் அவருக்கு மூன்று மனு எழுதிக் கொடுத்திருந்தார்கள். மூன்றிலும் கருணை வேண்டிய வரிகள் நிறைய இருந்தன, காரணம் எதிலும் இல்லை. மஞ்சள் பையிலிருந்து அவர் எடுத்து வைத்த காகிதங்களை அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான், குடும்ப அட்டையில் 'ராமாயி', ஆதாரில் 'ராமாயம்மாள்', வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயரின் முதல் எழுத்து வேறு என்பது தெரிந்தது. அவருக்குத் தேவைப்பட்டது மனு அன்று, பெயர்த் திருத்தம். இ-சேவை மையத்துக்கும் வங்கிக்குமாக இரண்டு நடை நடந்தபின் பணம் வரத் தொடங்கியது. வார்டில் வருகிற வேலையில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கும்: பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, பிறப்புப் பதிவு, குடும்ப அட்டையில் பெயர் சேர்த்தல், நின்றுபோன உதவித்தொகை. உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவுக்கு வேலை இருப்பது அபூர்வம்.

ஒரு நீள நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, பெயர், தெரு, என்ன கேட்டார், எந்த அலுவலகத்தில் கொடுத்தோம், ஒப்புகைச் சீட்டு எண், அடுத்து எப்போது பார்ப்பது. நம் வழக்கு டைரியில் வாய்தா எழுதுவதைப் போலவே எழுத வேண்டும். கைப்பேசி எண்களை வாங்கி வைத்துப் பின்னாளில் வாக்குக் கேட்டுச் செய்தி அனுப்பும் புத்தகமாக இதை மாற்றினால், ஊர் அதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி என்னும் வருவாய்க் கணக்குத் தணிக்கை நடக்கும்போது, தேங்கிய நில மனுக்களை இந்தப் புத்தகத்தைப் பார்த்தே மொத்தமாகக் கொண்டுபோகலாம். திங்கட்கிழமைகளில் ஆட்சியரகத்தின் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கும் அப்படியே.

இனி, நான் பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மேசைக்கு வந்த ஒருவருக்கு மதில் சுவர்த் தகராறு இருந்தது. நியாயம் அவர் பக்கம் என்று எனக்குத் தோன்றியதால் மறுவாரமே வக்காலத்து வாங்கி வழக்குப் போட்டேன், தடையாணையும் கிடைத்தது. எதிர்வீட்டுக்காரரும் அவருடைய பங்காளிகள் ஆறு குடும்பமும் அன்றிலிருந்து அந்த மேசைப் பக்கமே வரவில்லை. இலவச மேசையை வழக்குப் பிடிக்கும் வலை என்று அவர்கள் எண்ணினார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் எண்ணியிருப்பேன். அதன் பிறகு வைத்துக்கொண்ட விதி எளியது. மேசைக்கு வந்த எவருடைய வக்காலத்தையும் நான் வாங்குவதில்லை. வழக்கு தேவைப்பட்டால் வட்ட சட்டப்பணிகள் குழுவுக்கு அனுப்பிவிடுவேன். வருமானத்தில் இது இழப்புதான். வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதிகளின்படியும், வழக்குகளைத் தேடிப் பிடிப்பது தொழில் ஒழுக்கத்துக்கு மாறானது என்பதை மறக்க வேண்டாம்.

வக்காலத்தால் வரும் இன்னொரு சிக்கல் இதைவிடக் கூர்மையானது. பலர் வேட்புமனுப் பரிசீலனை நாளில்தான் அதைக் கேள்விப்படுகிறார்கள். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன் 37-ஆம் பிரிவு, ஊராட்சியின் சார்பில் ஊதியம் பெறும் வழக்கறிஞராக இருப்பவரையும், ஊராட்சிக்கு எதிராக வழக்கறிஞராக இருப்பவரையும் தகுதியற்றவர் பட்டியலில் வைத்திருக்கிறது. குடிநீர்க் குழாய்க்காகவோ நீர்நிலை ஆக்கிரமிப்புக்காகவோ ஊர்மக்கள் சார்பில் ஊராட்சிமீது வழக்குப் போட்டு, அந்தப் புகழோடு அதே ஊராட்சியில் நிற்க வருகிறவருக்கு அந்த வழக்கே தடையாகிவிடக்கூடும். ஆகவே, தேர்தலில் நிற்பது என்று முடிவு செய்த அன்றே, உங்கள் பெயரில் வக்காலத்து உள்ள எல்லா வழக்குக் கட்டுகளையும் எடுத்துப் பாருங்கள். உள்ளாட்சி ஒரு தரப்பாக உள்ள வழக்குகளில் கட்சிக்காரரின் ஒப்புதலோடு வக்காலத்தை மாற்றிக் கொடுங்கள். மாற்றிய விவரம் நீதிமன்றக் கட்டில் ஏறியதற்கு நகலும் வாங்கி வையுங்கள். ஜூனியர் பெயரில் மாற்றிவிட்டுப் பின்னால் இருந்து நடத்தலாமே என்று தோன்றும். எதிர்வேட்பாளரும் வக்கீல் வைத்திருப்பார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நகர்ப்புறத்தில் நிற்பவர் தமக்குரிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தின் தகுதியின்மைப் பிரிவை மூலத்திலேயே படிக்க வேண்டும். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் ஆகியவற்றில் பாக்கி இல்லை என்ற ரசீதையும் அன்றே எடுத்துவிடலாம்.

அரசு வழக்கறிஞராக இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். ராஜஸ்தானில் காந்தா கதூரியா என்ற வழக்கறிஞர் ஒரு குறிப்பிட்ட வழக்குக்காகச் சிறப்பு அரசு வழக்கறிஞராக நியமிக்கப்பட்டிருந்தார். 1967-இல் சட்டமன்றத்துக்கு வென்றபோது, அது உறுப்பினராவதற்குத் தடையான, அரசின்கீழ் ஆதாயம் தரும் பதவி என்று சொல்லி உயர் நீதிமன்றம் வெற்றியை ரத்து செய்தது. 1969-இல் உச்ச நீதிமன்றம், அதுவும் பெரும்பான்மைத் தீர்ப்பாகத்தான், அவரைக் காப்பாற்றியது. அவர் வென்ற வழக்கைக் காட்டித் துணிச்சல் கொள்வதைவிட, வேட்புமனுவுக்கு முன்பே பதவியை எழுதிக் கொடுத்துவிட்டு, ஏற்றுக்கொண்ட ஆணையைக் கையில் வைத்திருப்பது நல்லது. வென்ற பிறகு தொழில் செய்யலாமா என்ற கேள்விக்கு விடை தெளிவாக இருக்கிறது: சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் வழக்கறிஞர் தொழிலைத் தொடர்வதற்குத் தடை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் சொல்லிவிட்டது.

மேசையில் உட்கார்ந்தால் தனி மனிதரின் குறை தெரியும். ஊரின் குறை தெரியக் கூட்டத்துக்குப் போக வேண்டும். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கூடுகிறது. நகர்ப்புறங்களில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. முதல் இரண்டு கூட்டங்களில் வாயே திறக்காதீர்கள். வக்கீல் எழுந்து பிரிவு எண் சொன்னால் அலுவலர் தற்காப்புக்குப் போவார், மக்கள் எழுந்து போவார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு முன் ஒரு சாலையையோ கழிவுநீர் வாய்க்காலையோ எடுத்துக்கொண்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதன் மதிப்பீடு, பணி ஆணை, எம்-புக் என்று சொல்லப்படும் அளவுப் புத்தகம் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாகவே ஒட்டலாம். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. நகல் கிடைத்ததும் அளவு நாடாவோடு நான்கு இளைஞர்களை அழைத்துக்கொண்டு போய் நீளத்தை நீங்களே அளந்து பாருங்கள். சபையில் நீங்கள் வைக்க வேண்டிய வாக்கியம் ஒன்றே: "புத்தகத்தில் 120 மீட்டர் என்று இருக்கிறது, தரையில் 94 மீட்டர் இருக்கிறது, மீதியை எங்கே பார்க்கலாம்?" குற்றச்சாட்டு வேண்டாம், அடைமொழி வேண்டாம். குறுக்கு விசாரணையில் நாம் கற்ற கலை இங்கேதான் உதவுகிறது: விடை தெரிந்த கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவது.

எங்கே நிற்பது, யார் சார்பில் நிற்பது என்ற கேள்வி இப்படி இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடிய பின் தானாக வரும். தமிழ்நாட்டில் ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றிய வார்டு, மாவட்ட ஊராட்சி வார்டு, நகர்ப்புற வார்டுகள் ஆகியவற்றில் உண்டு. கட்சி எதிலும் சேராதவருக்குக் கிராம ஊராட்சியே இயல்பான தொடக்கம். ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நகர்ப்புறத்தில் மேயரையும் நகராட்சித் தலைவரையும் வார்டு உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். எனவே நகரத்தில் சுயேச்சையாக வென்றவர் முதல் மாதத்திலேயே யாருக்கு வாக்களிப்பது என்ற நெருக்கடியைச் சந்திப்பார். அதற்கான விடையைப் பிரச்சாரத்தின்போதே வாக்காளரிடம் சொல்லிவிடுவது நேர்மை. கட்சியில் சேருவதென்றால், தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பு சால்வையோடு போய்ச் சேராதீர்கள். வழக்கறிஞர் அணியில் போட்டு, கட்சிக்காரர்களின் வழக்குகளை இலவசமாக நடத்த வைப்பார்கள்; சீட்டு வேறொருவருக்குப் போகும். வட்டச் செயலாளரும் பூத் பொறுப்பாளரும் உங்கள் ஞாயிறு மேசையைப் பார்த்திருக்க வேண்டும்.

இட ஒதுக்கீட்டையும் கணக்கில் வையுங்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் 50 விழுக்காடு இடங்கள் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. வார்டுகள் சுழற்சியில் மாறும். பெண் வழக்கறிஞர்களுக்கு இது பெரிய வாசல். ஏனோ நம் பார் அசோசியேஷன்களில் இதைப் பற்றிய பேச்சே குறைவு. நீங்கள் ஐந்து ஆண்டு உழைத்த வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டால், வீட்டுப் பெண்களை நிறுத்திவிட்டுப் பின்னாலிருந்து ஆளும் ஆசையை விட்டுவிட்டு, உங்கள் மேசையில் கூட உட்கார்ந்து மனு எழுதிய பெண்ணிடம் நிற்கச் சொல்லுங்கள்.

வேட்புமனுவில் வக்கீல்கள் தவறு செய்வது வேடிக்கையாகத் தோன்றினாலும் உண்மை. மற்றவர் மனுவைத் திருத்தித் தந்துவிட்டுத் தம்முடையதை இரவு பதினொரு மணிக்கு நிரப்புகிறவர்கள் நாம். உள்ளாட்சிக்கு வயது 21, சட்டமன்றத்துக்கு 25. நகர்ப்புற வார்டில் நிற்பவரை முன்மொழிபவர் அதே வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலின் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் அன்றைய பட்டியலோடு ஒத்துப் போகின்றனவா என்பதை நேரில் பார்த்து எழுதுங்கள். 2022 நகர்ப்புறத் தேர்தலில் டெபாசிட் மாநகராட்சிக்கு 4,000, நகராட்சிக்கு 2,000, பேரூராட்சிக்கு 1,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இதில் பாதி. பிரமாணப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் வெற்றாக விடக்கூடாது. கட்டங்களை நிரப்பாமல் விடுவது வாக்காளரின் அறியும் உரிமையைப் பறிப்பதாகும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் கூறியது. நினைவூட்டிய பிறகும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம். ஆகவே 'இல்லை', 'பொருந்தாது' என்று எழுதுங்கள், கோடு போடாதீர்கள். போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக உங்கள்மீது என்றோ பதிவான வழக்கு இருந்தால், அது மறந்தே போயிருக்கும். காவல் நிலையத்தில் விசாரித்துவிட்டு எழுதுங்கள். இரண்டாவது தொகுப்பு மனு ஒன்றை வேறொருவர் முன்மொழியத் தாக்கல் செய்து வைப்பது நல்ல காப்பு.

சுவரொட்டியைப் பற்றி. கழுத்துப் பட்டையும் கவுனும் அணிந்த படத்தைப் போடச் சொல்லி அச்சகத்தார் முதல் அத்தை மகன் வரை எல்லோரும் வற்புறுத்துவார்கள். நீதிமன்றத்துக்கு வெளியே பொது இடங்களில் அவற்றை அணிவதற்கே பார் கவுன்சில் விதிகளில் தடை உண்டு. விளம்பரம் கூடாது என்ற 36-ஆம் விதியும் இருக்கிறது. வெள்ளைச் சட்டை போதும். 'வழக்கறிஞர்' என்று பெயருக்கு முன் அடையாளமாக வருவது வேறு, 'உங்கள் வழக்குகளுக்கு அணுகவும்' என்ற தொனி வருவது வேறு. தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஞாயிறு மேசையை நிறுத்தி வைத்து, நிலுவை மனுக்களை நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். அந்த நாள்களில் இலவசமாகச் செய்யும் எதுவும் கையூட்டாகப் படிக்கப்படும்.

வாக்குக் கேட்கப் போகும்போது, நீங்கள் எதிர்த்து வழக்கு நடத்திய வீட்டுக்கு முதலில் போங்கள். மதில் சுவர் வீட்டின் வாசலில் நான் நின்ற நேரம் அரை நிமிடம் இருக்கும். அவர் தண்ணீர் கொடுத்தார், வாக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் போனது தெருவுக்குத் தெரிந்தது, அது போதுமானதாக இருந்தது. வார்டுத் தேர்தல்கள் பலவும் மிகச் சில வாக்குகளில் முடிகின்றன. ஆகவே பூத் ஏஜென்ட்டாகச் சொந்தக்காரரை உட்கார வைக்காமல், அந்தப் பாகத்தின் முகங்களைத் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். வாக்குப்பதிவு முடிந்ததும் பதிவான வாக்குகளின் கணக்கை வாங்காமல் அவர் எழுந்து வரக்கூடாது.

முடிவு வந்த மறுநாள் செய்ய வேண்டியவை இரண்டு. வென்றாலும் தோற்றாலும் 30 நாளுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தோற்றவர்கள்தான் இதை மறந்து, அடுத்த தேர்தலில் நிற்கும் தகுதியை இழக்கிறார்கள். வென்றவர் செய்ய வேண்டிய மற்றொன்று பெயர்ப்பலகை. எந்த அமைப்போடும் உள்ள தொடர்பை வழக்கறிஞரின் பலகையில் குறிக்கக்கூடாது என்பது அதே 36-ஆம் விதி. சேம்பர் வாசலில் இருக்கும் பழைய பலகை அப்படியே இருக்கட்டும்; 'வார்டு உறுப்பினர்' என்ற பலகையை வீட்டு வாசலில் தனியாக மாட்டி, அதன் கீழே மனு வாங்கும் நேரத்தை எழுதி வையுங்கள்: ஞாயிறு, காலை 10 முதல் 1 வரை.